பின் சீட்டுக்குக் கேட்காத பாட்டு

வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்காக அனகாபுத்தூரிலிருந்து தாம்பரத்துக்குக் காரில் கூட்டிப்போவேன். அவர் பின் சீட்டில் சாய்ந்திருப்பார். ஒருநாள் வழியில் அக்கா போன் செய்து அழுதாள்; காரில் போன் பேச்சு ஸ்டீரியோவில்தான் வரும். அது அப்பா காதில் விழக் கூடாதென்று, ஸ்டீரியோவின் சத்தத்தைக் குறைத்து, முழுவதையும் முன்பக்க ஸ்பீக்கருக்குத் தள்ளினேன். திரும்ப மாற்ற மறந்துவிட்டேன்.

அடுத்த முறை போகும்போது, "பாட்டு போடலையாடா?" என்றார் அப்பா.

"ஓடிக்கிட்டுதானே இருக்கு. உங்களுக்குத்தான் காது கேக்கல."

டிராஃபிக் எரிச்சலில் சொன்னது. அதற்குப் பிறகு அவர் பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீட்டில் யார் பேசினாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். டாக்டரிடம் சொல்லிச் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ரிவர்ஸ் கேமரா மாட்டப் போனேன். கடைக்காரர் ஸ்டீரியோவைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், சவுண்டு மொத்தத்தையும் முன்னாடி தள்ளி வெச்சிகினு கீறீங்க? பின்னாடி குந்தறவங்களுக்கு இன்னா கேக்கும்?"

ஸ்டீரியோ திரையில் சத்தம் எந்தப் பக்கம் என்று காட்டும் புள்ளியை விரலால் நடுவுக்கு இழுத்துவிட்டார். அப்பாவின் காது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. "சரிங்க" என்றேன்.

மறுநாள் பின்னாலிருந்து பாட்டு வந்தது. கண்ணாடியில் அப்பா சிரிப்பது தெரிந்தது.

"சொட்டு மருந்து வேலை செய்யுதுடா. காது வந்துடுச்சு."

"ஆமாம்பா."

மருந்து தீர்ந்ததும் இன்னொன்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். தினமும் நான்தான் விடுகிறேன். தலையைச் சாய்த்து, அசையாமல் காதைக் காட்டுவார். ஸ்பீக்கர் விஷயத்தைச் சொல்லிவிடலாம், காது அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.