கிச்சாவின் சிப்பும் தெற்குக் காற்றும்

கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புக் கார், விரல் நகம் அளவுள்ள ஏதோ சிப்பை மாட்டிக்கொண்ட பிறகு, போலீஸ் ஜீப்பையே மண் கவ்வ வைத்துவிட்டுப் போனதாம். இதை இருசப்பனிடம் சொன்னவள் பூஞ்சேரி கூட்ரோட்டில் இளநீர் விற்கும் செல்லம்மா. அவளுக்குச் சொன்னவன் ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவர். அவன் ஜீப்பையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை.

"மெய்யாலுமே பறந்துச்சாம் இருசப்பா. சக்கரம் தரையில படவே இல்லியாம்."

"சக்கரம் தரையில படலன்னா வண்டி எப்பிடிக்கா நகரும்? நின்ன எடத்துலயே சுத்திகினு கெடக்கும்."

"உன்னாண்ட ஒண்ணு சொல்லிடக் கூடாதே, உடனே அதுக்கு ஸ்பேனரைத் தூக்கினு வந்துடுவே" என்று செல்லம்மா இளநீரைச் சீவி நீட்டினாள்.

அது 2006, மே மாதம். வாரம் முடிவதற்குள் ஜீப் ஒன்று இரண்டாகி, சிவப்புக் கார் கறுப்பாகி, கதை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. சனிக்கிழமை காலை அந்தச் சிப்பே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருசப்பனின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தவன் கிச்சா.

கிச்சாவுக்கு கூடுவாஞ்சேரியில் கம்ப்யூட்டர் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் விரட்டும் பன்னிரண்டு பேர் கொண்ட கிளப்பில் அவனும் ஒருவன். கிளப்புக்குத் தலைவன் ஸ்ரேயாஸ். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை, டர்போ வைத்த வெளிநாட்டுக் கார். மற்ற பதினோரு கார்களும் டர்போ இல்லாத, வேகமாகப் போகக்கூடிய நம்மூர் வண்டிகள். பன்னிரண்டுக்கும் ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் பார்ப்பது வரை எல்லாம் இருசப்பன்தான். அவர்களை நம்பித்தான் அவன் போன வருஷம் ஷெட்டை இரண்டு மடங்காக்கினான், கூட இரண்டு ஆள் சேர்த்தான். அந்தக் கார்கள் வராமல் போனால் மிஞ்சுவது பஞ்சரான ஷேர் ஆட்டோக்கள். இது அவனுக்கும் தெரியும், கிளப்புக்கும் தெரியும்.

கார்க்காரர்களுக்கு இருசப்பனைப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவன் எந்தக் காரைப் பார்த்தும் மிரளாததுதான். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குப்பத்துப் படகுகளுக்கு மோட்டார் வந்தபோது மற்ற பையன்களெல்லாம் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்; இவன் மட்டும் அது ஏன் நின்றுபோகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதற்குக் கரையில் ஒருவருக்கும் பதில் தெரியாததால் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி, பைபாஸ் ஓரத்து லாரி ஒர்க்ஷாப்பில் ஐந்து வருஷம் லாரிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான். கடலில் நின்றுபோன எஞ்சினை அலையில் ஆடிக்கொண்டே கிளப்பியவனுக்கு ரோட்டோரம் நிற்கிற எஞ்சின் ஒரு பொருட்டே இல்லை. "இங்க நின்னா எறங்கி நடந்து போலாம் சார், அப்புறம் இன்னா பயம்?" என்பான்.

கிச்சா டப்பாவைத் திறந்து காட்டினான். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது தீப்பொறி அடிப்பது என்றெல்லாம் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் காருக்குள் இருக்கிறதே, அதில் பழைய சிப்பைக் கழற்றிவிட்டு இதைச் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. இருபது குதிரை சக்தி கூடும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது.

"பன்னெண்டு வண்டிக்கும் ஆர்டர் எடுத்தாச்சு. நீதான் மாட்டித் தரணும் அண்ணாத்த. உன் கை பட்டாத்தான் நம்புவேன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

"கூடும்னு உனக்கு எப்பிடித் தெரியும் சார்?"

கிச்சா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறான். "போகும்போது சிப் இல்லாம முப்பத்தி நாலரை செகண்டு. அங்கயே நிறுத்தி மாட்டிண்டு திரும்பி வந்தா முப்பத்திரண்டே முக்கால். இதுக்கு மேல என்ன வேணும்?"

அவனோடு கூட வந்திருந்த ஸ்ரேயாஸும் தலையாட்டினான். இருசப்பன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தினி மணிக்கு ஓட்டினே?"

"மத்தியானம் மூணு, மூணரை."

"போனது எந்தப் பக்கம்?"

"தெற்கே. கல்பாக்கம் பக்கமா."

"வந்தது?"

"தெற்கே போனவன் வடக்கேதானே வரணும்? என்னப்பா கேள்வி இது!"

இருசப்பன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. "சார், இந்த மாசத்துல மத்தியானம் மூணு மணிக்கு தெக்கத்திக் காத்து எப்பிடி அடிக்கும்னு குப்பத்துல எந்தப் புள்ளய வேணா கேளு. எங்கப்பன் கட்டுமரத்துல பாயைக் கட்டி வடக்க வுட்டாரு, அதுவும்தான் வேகமா வந்துச்சு. அதுல இன்னா சிப்பு இருந்துச்சு?"

ஸ்ரேயாஸ் வாயைப் பொத்திக்கொண்டான். கிச்சாவின் காது சிவந்தது. அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் இருசப்பனுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். தன் காரிலேயே முதலில் மாட்டிக்கொண்டு, மனசார நம்பி, நண்பர்களுக்கும் கிடைக்கட்டும் என்று ஓடிவந்தவன்.

"அப்போ நீயே ஓட்டிக் காட்டு" என்றான் கிச்சா.

"காட்டறேன். சிப்பு இல்லாம போக வர, சிப்போட போக வர. ஒரே வண்டி, ஒரே பங்க் பெட்ரோலு. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் ரெண்டுக்கும் பொது."

புதன்கிழமை மத்தியானம், பாலாற்றுப் பாலம் தாண்டி, கூவத்தூருக்கு முன்னால் சாலை நேராகக் கிடக்கும் இடத்துக்குப் போனார்கள். கிளப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் வாட்சைப் பிடிக்கக் கூடாது என்று மூன்று பேரிடம் கொடுத்தான் இருசப்பன். கிச்சாவின் கார் முதலில் ஓடியது. சிப் இல்லாமல் தெற்கே முப்பத்தி நாலரைக்குக் கொஞ்சம் கீழே, வடக்கே முப்பத்திரண்டு புள்ளி எட்டு. சிப்பை மாட்டி மறுபடி ஓட்டினார்கள். தெற்கே அதே முப்பத்தி நாலு சொச்சம். வடக்கே, பார்த்தால், ஒரு முடி அளவு கூடுதலாகவே ஆனது.

கிச்சா வாட்சை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான், அது ஓடுகிறதா என்று.

"பேட்டரி வாட்சு சார், சத்தம் வராது" என்றான் இருசப்பன் மெதுவாக. "காரணம் வேற ஒண்ணுமில்ல. எஞ்சினு எவ்ளோ காத்து இழுக்குதோ அவ்ளோதான் அதுக்குத் தெம்பு; சிப்பு அந்தக் காத்தைக் கூட்டித் தராது. பாய் அகலம் அதேதான், சுக்கானை மட்டும் புதுசா மாத்தினா கட்டுமரம் வேகமா ஓடுமா?"

"அப்போ என் வண்டி?" என்று முன்னால் வந்தான் ஸ்ரேயாஸ்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் ஒரு விசிறி. அதை இன்னும் கொஞ்சம் திணி என்று சிப் சொன்னால் அது திணிக்கும். முடிவு என்னவாக வரும் என்பது கார் ஓடுவதற்கு முன்பே இருசப்பனுக்குத் தெரியும். ஓட்டாமல் தட்டிக் கழித்திருக்கலாம். வெயிலாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சரியென்றிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. ஸ்ரேயாஸின் கார் நாலு முறை ஓடியது. தெற்கேயும் சரி, வடக்கேயும் சரி, சிப்போடு ஒன்றரை செகண்டுக்கு மேல் குறைந்தது.

கிச்சா துள்ளினான். "பாத்தியா! பாத்தியா! இப்ப என்ன சொல்றே?"

"வேல செய்யுது" என்றான் இருசப்பன். "இந்த வண்டிக்கு மெய்யாலுமே வேல செய்யுது. ஒத்துக்கறேன். ஆனா கடைசி தபா ஓட்டும்போது உள்ளே அரிசியில கல்லு உருளற மாரி சத்தம் கேட்டுச்சு." அவன் ஸ்ரேயாஸ் பக்கம் திரும்பினான். "தம்பி, சாதா பெட்ரோல ஊத்திகினு இதை ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாயிடும். நல்ல பெட்ரோலா ஊத்து, நான் மாட்டித் தரேன். மத்த பதினோரு வண்டிக்கும் இது பேஜாரு. அதுங்களுக்கு மாட்ட மாட்டேன்."

அங்கேதான் விஷயம் புரண்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கடைசியாகப் பார்த்தது மட்டும்தான் மனதில் நின்றது. ஸ்ரேயாஸின் கார் சீறிப் போனதைக் கண்ணால் கண்டாயிற்று. இனி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். காற்று, டர்போ என்று இருசப்பன் எத்தனை முறை சொன்னாலும் அது மெக்கானிக்கின் பிடிவாதமாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரேயாஸ் தனியாக ஷெட்டுக்கு வந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க சொன்னது எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியல, புரியவும் வேணாம். அவங்க ஆசை, அவங்க வண்டி. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா மாட்டிக் குடுங்க."

"நான் மாட்டினா, வேல செய்யும்னு இருசப்பனே சொல்லிட்டான்னு ஆயிடும் தம்பி. என் கை பட்டாத்தான் நம்புவோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மாட்டலன்னா மெட்ராஸ்ல ஒரு கடை ரெடியா இருக்கு. சிப்போட சர்வீஸும் அங்கயே போயிடும். பன்னெண்டு வண்டியும்." அவன் குரலில் மிரட்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் பண்றேன். எடுத்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறேன். எடுக்கலன்னா நானும் புரிஞ்சுக்கறேன்."

மத்தியானம் மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் சந்தையிலிருந்து திரும்பினாள் அவன் மனைவி பூவாயி. விஷயத்தைக் கேட்டு ஒரு பாட்டம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அந்த ரெண்டு ஆளுக்கும் இன்னா சொல்லப் போறே?" என்று மட்டும் கேட்டாள்.

"படகு எஞ்சினு பாக்கலாம். பாத்தவன்தானே."

"நீ பாப்பே. அவனுங்க பாப்பானுங்களா?"

இருசப்பன் எழுந்து போய், பழைய தகரக் கதவு ஒன்றை இழுத்துவந்து சுவரில் சாய்த்தான். படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட் பாதி டப்பா இருந்தது. கிச்சாவின் கார் நாலு முறை ஓடிய நேரத்தையும், ஸ்ரேயாஸின் கார் நாலு முறை ஓடிய நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதினான். ஒத்துக்கொண்டதையும் எழுதினான், ஒத்துக்கொள்ளாததையும் எழுதினான். எழுத்து நேராக வரவில்லை. கடற்கரைச் சாலையில் போகிற எவனும் வண்டியை நிறுத்தாமலே படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தான். கீழே, "டர்போ இல்லாத வண்டிக்கு இங்கே சிப் மாட்டப்பட" என்று எழுதிக்கொண்டிருக்கும்போது மணி ஆறாகி, பெஞ்சின் மேல் இருந்த செல்போன் அலறியது.

பூவாயி எட்டிப் பார்த்தாள். "அந்தப் புள்ளதான். எடுய்யா. மாட்டேன்னு சொல்லறதுக்காவது எடு."

"கையில பெயின்ட் கீது."

"நான் புடிக்கறேன், நீ பேசு."

"பேசினா அது மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும் பூவாயி. நல்ல புள்ள அது. ரொம்ப நல்லாப் பேசும்."

அவன் முதுகைக் காட்டியபடியே நின்றான். ஃபோன் பெஞ்சின் மேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. அது கீழே விழாமல் பூவாயி ஒரு ஸ்பேனரை எடுத்து அணை கொடுத்தாள், பொத்தானைத் தொடவில்லை. இருசப்பன் பிரஷை டப்பாவில் தோய்த்து, 'மாட்டாது'வின் முதல் எழுத்துக்கு வந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.