எதிர் சீட்டில் இருந்த ஷாகிரா அக்கா

இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுவதைப் படித்து லைக் போடுவதோடு சரி, நான் எழுதியதே இல்லை. சொந்தக் கதைதான்... கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை உங்களில் பலருக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கும். சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றால், அம்மாவுக்கு முன்னால் அந்த வாசனைதான் வீட்டுக்குள் வரும்.

எனக்கு அது பிடிக்கும்.

பிளஸ் டூ முடித்து காலேஜ் திறக்கும்வரை நானும் அம்மாவோடு ஆம்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அம்மாவுக்குப் பேரிங் டேபிள். ஒரே ஷேடில் இடதும் வலதும் பார்த்து ஜோடி சேர்க்கும் வேலை. எதிர் சீட்டில் ஷாகிரா அக்கா, அம்மாவின் தோஸ்த். மத்தியானம் இருவரின் டிபன் பாக்ஸும் கைமாறிவிடும்.

அந்த லீவில்தான் பார்த்தேன். அம்மா இரண்டு இடது ஷூவைச் சேர்த்து ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னா மஞ்சு, ரெண்டும் லெஃப்ட்டு. இத எவன் போட்டுக்குவான்?" என்றார் ஷாகிரா அக்கா.

"ரெண்டும் எடது காலா பொறந்தவன் ஒருத்தன் இருக்க மாட்டானா? அவனுக்கு நான்தான்டி தரணும்."

டேபிளே சிரித்தது. சிரித்துக்கொண்டே அக்கா ஒன்றை எடுத்துவிட்டு வலதை வைத்தார். சூப்பர்வைசர் திரும்புவதற்குள் எல்லாம் சரி.

எங்கள் லைனில் அது வழக்கம். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அடுத்தவள் தாங்குவாள். வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் வேலை போய்விடும்.

நான் காலேஜுக்குப் போன பிறகும் அம்மாவை அப்படித்தான் தாங்கினார்கள்.

"அவளுக்கு ரத்தம் கம்மி, தூக்கம் கம்மி. வேற ஒண்ணும் இல்ல. நீ படி பாப்பா" என்பார் ஷாகிரா அக்கா போனில். நானும் அப்பாவும் அதையே நம்பினோம்.

ஒருநாள் அம்மா கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பக்கம் போகும் நாட்றம்பள்ளி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனோம். மறதி நோய் என்றார் டாக்டர். "ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆயிருக்குமே..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடமே அம்மா கேட்டாள், "என் பொண்ணு காலேஜ்ல இருந்து வந்துட்டாளா?"

அம்மா வேலையை விட்ட பிறகு ஷாகிரா அக்கா ஒரே ஒரு முறை வந்தார். உள்ளே வரவில்லை. "நான்தான் மூடி மூடி வெச்சேன் பாப்பா" என்று வாசலிலேயே அழுதார். பிறகு மகளோடு பெங்களூர் போய்விட்டார் என்றார்கள். நம்பரும் மாறிவிட்டது.

சோஷியல் ஒர்க் படித்துவிட்டு இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நம் ஊர்ப் பக்கத்துக்கென்று ஒரு மறதி கிளினிக் தொடங்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். மீட்டிங்கில் வாயே திறக்காதவள் நான். கிளினிக் புதன்கிழமை காலை என்று முடிவாகப் போனபோது எப்படியோ பேசிவிட்டேன்.

"மேடம், புதன்கிழமைன்னா கம்பெனியில லீவு தர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வெச்சா வருவாங்க. அப்புறம்... வீட்டுக்காரங்கள மட்டும் கேட்டா பத்தாது மேடம். கூட வேலை செய்யறவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். வேலைய விட்டு எடுக்காதீங்கன்னு கம்பெனிங்ககிட்டயும் நாம பேசணும். இல்லன்னா மறைப்பாங்க."

"இவ்ளோ வெச்சிக்கினு இத்தன நாள் சும்மா இருந்தியா?" என்றார் மேடம்.

இப்போது டாக்டர் எதிரே மூன்று நாற்காலி. மூன்றாவது, கூட வேலை செய்பவருக்கு. போன வாரம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரை அவர் தோஸ்த் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார் டாக்டர். சந்தோஷமாகத்தான் இருந்தது... வெளியே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

அம்மாவும் அங்கேதான் வருகிறாள். எங்களுக்கு மட்டும் மூன்றாவது நாற்காலி காலி.

இப்போது அம்மாவிடம் பவுடர் வாசனைதான். சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறாள்.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பெங்களூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர். ஷாகிரா அக்காவைத் தெரிந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா, உங்கள்மேல் எங்களுக்குக் கோபமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க. அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து "இன்னா மஞ்சு" என்று ஒரு தடவை கூப்பிடுங்கள், போதும்.

நான் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன் அக்கா. அம்மா என்னை விட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறாள்.