அண்ணன் ஓட்டிய பாலம்

என் அண்ணன் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் பாலம் ஓட்டினார். பாலம் கட்டினார் என்று எழுதப்போய்த் தவறிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு டேங்கின் முதுகில் இரும்புப் பாலம் ஒன்றை இரண்டாக மடித்து ஏற்றியிருப்பார்கள். கால்வாய் குறுக்கே வந்தால் அந்த வண்டி கரையில் நின்று பாலத்தைத் தூக்கி, விரித்து, அக்கரையில் படுக்க வைத்துவிடும். மற்ற வண்டிகளெல்லாம் கடந்த பிறகு அதுவும் கடந்து, அந்தப் பக்கம் திரும்பி நின்று, பாலத்தை மறுபடி முதுகில் தூக்கிக்கொள்ளும். அதற்கு என் அண்ணன்தான் டிரைவர்.

ஓய்வு பெற்று சாணார்பட்டிப் பக்கம் கொய்யாவும் முருங்கையும் போட்டு உட்கார்ந்த பிறகு, ஊரில் ஒருவருக்கும் இதைப் புரியவைக்க அவரால் முடியவில்லை. "எத்தன பேரச் சுட்டீங்க?" என்று கேட்பார்கள். "சுடல, பாலம் போட்டேன்" என்பார். கொத்தனார் வேலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சர்ச்சில் என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் மாமா மகன் இதை எல்லோர் முன்னாலும் எடுத்தான். மச்சான் முறை, கேலி பேச உரிமை உள்ளவன். "டேங்க்கு மேல பாலமாம், அது தானா விரியுமாம். மச்சான், மிலிட்டரி கேண்டீன் சரக்கு கொஞ்சம் கூடிப்போச்சுன்னு நெனைக்கேன்" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். டேங்க் இரைச்சலில் அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. கேட்காத பேச்சுக்கெல்லாம் அப்படித்தான் சிரிப்பார். ஆனால் இது அவருக்கு நன்றாகக் கேட்டது. இலையில் கைவைத்தபடி அப்படியே இருந்தார். அவருக்கு வெஞ்சனம் வைக்கக் குனிந்தவள் நான். அவர் முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை லேபுக்குப் போனதும் என் தோழியிடம் சொன்னேன். "நம்ம பிரிண்டர்ல ஒரு டேங்க் செய்யணும்."

நாகல் நகரில் நாங்கள் இருவரும் சேர்ந்து பல் லேப் நடத்துகிறோம். டாக்டர்கள் அனுப்பும் அளவுக்குச் செயற்கைப் பல்லும், பல்லின் மேல் மாட்டும் கேப்பும் செய்துகொடுப்பது தொழில். கம்ப்யூட்டரில் வரைந்து, த்ரீடி பிரிண்டரில் ரெசின் என்ற பிசினால் பொருளாகவே அச்செடுப்பது அவள் பங்கு, கையால் இழைத்து முடிப்பது என் பங்கு. டேங்க் என்றதும் அவள் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். "கடைவாய்ப் பல்லு அளவுக்கா, அக்கா?"

"இல்ல, ஓடணும். பாலத்தத் தூக்கி விரிச்சு வைக்கணும்."

"யா அல்லாஹ்!" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து அவளே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, "சக்கரம் எத்தன வேணும்?" என்று கேட்டாள்.

கடையில் அந்த வண்டிக்குப் பொம்மை கிடையாது. எல்லாவற்றையும் நாங்களே செய்தாக வேண்டும். அண்ணனிடம் அளவு கேட்டேன். அவருக்குக் கண் மின்னியது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது பிள்ள. சத்தியம் பண்ணிருக்கோம்."

"பரேட்ல ஊரே பாக்குதே அண்ணே!"

"பாக்கட்டும். நான் சொல்லக் கூடாது."

அன்று எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே பஸ் ஏறி லேபுக்கு வந்தார். கையில் ஒரு பழைய போட்டோ. ஏதோ ஊரில் பொதுமக்கள் பார்க்க ராணுவ வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தபோது எடுத்தது. வண்டிக்குப் பக்கத்தில், சக்கரத்தை ஒட்டி, விறைப்பாக நிற்கிறார். "வண்டி அளவச் சொல்ல மாட்டேன். என் ஒசரத்த அளந்துக்க, அதுல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு நின்றார். தோழி சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்தாள். ஐந்தடி ஏழங்குலம். போட்டோவில் அவர் எவ்வளவு, சக்கரம் எவ்வளவு, பாலம் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தே முழு வண்டியையும் கணக்குப் போட்டுவிட்டோம். பதினாறில் ஒரு பங்கு என்று முடிவு செய்தோம். விரித்தால் பாலம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அதற்குப் பிறகு லேபில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது. ஒரு கையில் சோறு, மறு கையில் உப்புத்தாள். வண்டியின் உடம்பை, சமையலறை அலமாரிக்குப் போடுவார்களே, அந்த பிவிசி பலகையின் துண்டுகளில் அறுத்து ஒட்டினேன். சக்கரங்கள் தண்ணீர்க் குழாயை வளையம் வளையமாக அறுத்தது. அவற்றின் நடுத்தட்டு மட்டும் பிரிண்டரில் அச்செடுத்தது. இடுக்குகளைப் பல்செட் செய்யும் ரோஸ் நிறப் பசையால் அடைத்தேன். ஈறு முளைத்த டேங்க் மாதிரி இருந்தது. பச்சை பெயின்ட் அடித்த பிறகுதான் மானம் திரும்பியது.

மிகவும் படுத்தியது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிதான். பக்கத்துக்கு எண்பது கண்ணி. தோழி முதலில் பல் கேப்புக்கான ரெசினில் அச்செடுத்தாள். அழகாக வந்தது. மேஜையில் ஒரு சாண் ஓடியது, பொரி மாதிரி நொறுங்கியது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாம் நாள் காலை, வந்ததும் வராததுமாகப் பையைக்கூடக் கழற்றாமல் சத்தம் போட்டாள். "அக்கா, பல்ல நறநறன்னு கடிக்கிறவங்களுக்குத் தகடு செய்யிறோம்ல, அந்த ரெசினு! அது வளையும்ல!"

வளைந்தது. கண்ணிகளைக் கோக்கப் பல்லுக்குக் கட்டும் கம்பியை வெட்டிப் போட்டோம். நூற்றறுபது கண்ணியையும் கோத்து முடித்து மோட்டாரைப் போட்டதும் வண்டி மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம். பல் வாங்கக் கிளினிக்கிலிருந்து வந்திருந்த ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தோம்.

பாலத்தைத் தூக்க ஊசி இல்லாத சிரிஞ்சுகள். ஒன்றை மோட்டார் அழுத்தும். ட்யூபில் தண்ணீர் போய் மற்றொன்றைத் தள்ளும். அது பாலத்தைத் தூக்கும். இது சரியாக வேலை செய்தது. எவ்வளவு சரியாக என்றால், பாலம் எழுந்து, விரிந்து, முன்னால் நீண்டதும் மொத்த வண்டியும் குப்புற விழுந்தது. பின்னால் ஈயக்குண்டு வைத்தோம். விழுந்தது. இன்னும் வைத்தோம். இப்போது ஓடவே மறுத்தது.

அண்ணனை வரச்சொன்னேன். வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"என்னது?"

மறுபடி ஒரு சுற்று. அவருக்குள் பெரிய விசாரணையே நடப்பது தெரிந்தது. பிறகு தோழியிடம் கேட்டார். "ஏம்மா, ஏணிய சாத்தும்போது கீழ என்ன பண்ணுவ?"

"அதோட கால் வழுக்காம ஊண்டிக்குவேன்."

"நான் ஒண்ணும் சொல்லல" என்று கூரையைப் பார்த்தார்.

தோழி போட்டோவைப் பெரிதாக்கினாள். வண்டியின் மூக்குக்குக் கீழே, நிழல் என்று நாங்கள் விட்டிருந்த இடத்தில், அகலமாக ஒரு இரும்புத் தகடு. பாலத்தை நீட்டும் முன் அது தரையில் ஊன்றிக்கொள்ளும். அன்றைக்கே அச்செடுத்து மாட்டினோம். வண்டி அசையவில்லை. அண்ணன் "சபாஷ்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகத் தோட்டத்துக்குப் போனோம். மாமா மகனையும் வரச் சொல்லியிருந்தேன். ஏதோ விருந்து என்று நினைத்து வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். பம்புசெட்டைப் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. கரைக்குக் கரை மூன்றடி. ரிமோட்டை அண்ணன் கையில் கொடுத்தேன்.

வண்டி மண்ணில் ஊர்ந்து போய் விளிம்பில் நின்றது. தகடு இறங்கி ஊன்றியது. பாலம் மெதுவாக எழுந்தது. நேராக நின்றது. நடுவில் பிரிந்து, கத்தரி விரிவது போல விரிந்து, தண்ணீருக்கு மேலே போய், அக்கரையில் உட்கார்ந்தது. வண்டி பாலத்தைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கி, அந்தப் பாலத்தின் மேலேயே ஏறியது.

பாதி தூரத்தில் அக்கரை ஈர மண் அமுங்கியது. பாலம் ஒரு பக்கம் சாய்ந்தது. வண்டியும் சாய்ந்தது. தோழி கத்தினாள். நான் தண்ணீரில் இறங்கக் காலைத் தூக்கிவிட்டேன்.

"யாரும் தொடாதீங்க," என்றார் அண்ணன். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உயராத, அழுத்தமான குரல். "நிறுத்துனா சரியும். ஒரே சீரா போகணும்." விரல் நுனியால் தள்ளிக்கொண்டே இருந்தார். வண்டி சாய்ந்தபடியே ஊர்ந்து, ஊர்ந்து, அக்கரை மண்ணில் மூக்கை வைத்து ஏறிவிட்டது.

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. தோழி என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. அக்கரையில் வண்டியைத் திருப்பி, பாலத்தின் அந்த முனையில் கொக்கியை மாட்டி, தூக்கி, மடித்து, முதுகில் போட்டுக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைத் தாழ்த்தினார்.

"மச்சான்," என்றான் மாமா மகன். வேட்டி முழங்கால் வரை சேறு. எப்போது மண்டி போட்டான் என்று தெரியவில்லை. "நெசமாவே இதயா ஓட்டுன?"

"இத மாதிரி பதினாறு மடங்கு."

"அம்புட்டுப் பெருசா?"

அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். அவராகவே பேச ஆரம்பித்தார். பாலைவனத்தில் ஒரு கால்வாய், பின்னால் வரிசையாக வண்டிகள், முதன்முதலாகத் தனியாகப் பாலம் போட்ட நாள். "போட்டு முடிச்சு ஒதுங்கி நின்னேன். மொத வண்டி ஏறிப் போச்சு. அக்கரைக்குப் போனதும் அந்த டிரைவர் திரும்பிப் பாக்காம கைய மட்டும் ஒசத்துனான். யாருன்னுகூடத் தெரியாது. அன்னைக்குச் சாப்பாடே எறங்கல எனக்கு, சந்தோசத்துல." இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் சொன்ன முதல் ராணுவக் கதை அது. முடிந்ததும் மாமா மகன் மெதுவாகக் கேட்டான். "நான் ஒரு தடவ ஓட்டட்டுமா மச்சான்?"

"மொதல்ல தகட்ட எறக்கணும். மறந்த, கையில இருந்து புடுங்கிருவேன்."

மறக்கவில்லை. ஆனால் பாலத்தைக் கோணலாக வைத்து வண்டியைத் தண்ணீருக்குள் விட்டான். எடுத்துத் துடைத்து, பாலத்தின் கீலில் ஏறிய சேற்றைத் தோழி பல் பிரஷால் தேய்த்தாள். மறுபடி ஓடியது. அப்புறம் நான் ஓட்டினேன், தோழி ஓட்டினாள், மறுபடி அண்ணன். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டு மூன்று முறை வந்து போனார். நாலாவது முறை, கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரும் வரப்பில் நின்றுவிட்டார்.