கேட்டுக்கு வெளியே நனைந்த மூட்டைகள்

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் எண்ணெய் மில்லுக்கு நானே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதலில் வேர்க்கடலையின் ஈரப்பதம், அடுத்து எடை, அதன்பின் குடோனுக்குள் போக கேட் சீட்டு. ஒன்றைப் பதியாமல் அடுத்தது திறக்காது. அதில் எனக்கு ஏகப் பெருமை.

ஒருநாள் மதியம் ஒலக்கூர் பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டரில் வேர்க்கடலை மூட்டைகளோடு வந்தார். ஈரம் பார்ப்பவர் சாப்பிடப் போயிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"சார், மல்லாட்டைய உள்ள மட்டும் எறக்கி வெச்சிக்கறேன். மழை வந்துகினு இருக்குது. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க."

"சிஸ்டம் ஒத்துக்காதுங்க" என்றேன்.

உண்மையில் ஒத்துக்கொள்ளாதவன் நான். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட் திறந்திருக்கும். நான் வைத்த விதியை நானே மீறுவதா என்ற வீம்பு.

மழை கொட்டித் தீர்த்தது. அவர் கொண்டுவந்த தார்ப்பாய் பாதி மூட்டைகளுக்குக்கூட எட்டவில்லை. ஈரம் பார்ப்பவர் வந்து அளந்து சொன்னதைப் பதிந்தேன். 'ஈரம் அதிகம், வாங்க இயலாது' என்று திரையில் வந்தது.

அவர் சண்டை போடவில்லை. "அது சரியாத்தான் சொல்லுது சார். நனைஞ்சிதான கெடக்குது" என்று சொல்லிவிட்டு டிராக்டரைத் திருப்பினார்.

அந்த வாரமே புரோகிராமை மாற்றினேன். இப்போது மூட்டை முதலில் உள்ளே போகிறது. விவரங்கள் எந்த வரிசையில் வந்தாலும் பதிவாகின்றன. அவர்தான் பிறகு எங்கள் கேட்டுக்கு வரவேயில்லை.