ஓடையில் முடியும் கோடு

மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய் சைக்கிள் விடவைக்கும் வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீரக் கதை கிடையாது. வீரம் இருந்திருந்தால் நான் இப்போது லிட்கம் சைக்கிள் கடையின் பின்பக்கத்தில் டயர் ரியூப் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

1. கல்லும் நாயும்

முதலாளி கிரி அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய சைக்கிள் கடைப் பட்டறையில் பதினெட்டு வருடம் நின்றேன். அந்தப் பட்டறைக்கு ஜன்னல் இல்லை. ஐம்பத்தொரு வயதில் எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. கோடைக்கால வாரக்கடைசிகளில் வாடிக்கையாளர்களை வான் வண்டியில் ஏற்றி, ஆறு மணி நேரம் ஓட்டி, பனிமலைப் பக்கம் கொண்டுபோகிற வேலை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரரைக் கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏற்றுகிற செயர்லிஃப்ட், கோடையில் சைக்கிளையும் கொளுவிக்கொண்டு மேலே போகும். ஏறுவதற்குக் கால் தேவையில்லை. இறங்குவதற்குத் துணிவு தேவை. துணிவு இல்லாதவனுக்கு நல்ல பிரேக் இருந்தால் போதும், நான் மெக்கானிக்.

இரண்டு கோடை நன்றாகப் போனது. மூன்றாவது கோடையில் வாடிக்கையாளர்களுக்கு அலுத்துவிட்டது. லிஃப்ட் உள்ள இடத்தில் ட்ரெயில் என்கிற சைக்கிள் பாதை எல்லாம் மண் தோண்டும் பெக்கோ மெஷினால் வழித்தவை. வளைவுகளில் மண் அணைத்து, மேடு பள்ளம் சீவி, விமான ஓடுபாதை மாதிரி வைத்திருப்பார்கள். பழகியவர்கள் கேட்டது வேறு. பாறை வேண்டும், வேர் வேண்டும், கை வைக்காத மலை வேண்டும், சக்கரத்தை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் மூளையைக் கசக்கவைக்கிற வழி வேண்டும். அதோடு லிஃப்டும் வேண்டும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அதுதான் நிலைமை. கல் இருந்த மலையில் லிஃப்ட் இல்லை.

"தேவா, சீசன் முடியிறதுக்கிடையில ஒரு இயற்கை ட்ரெயில் பிடிச்சுத் தா," என்றார் கிரி அண்ணை. "இல்லாட்டி மலைப் பயணத்தை மூடுறன். நீ திரும்பிப் பட்டறைக்கு வா."

அவர் அதட்டவில்லை. பில் எழுதிக்கொண்டே சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

2. சிவப்புக் கோடு

எங்கள் தொழிலில் எல்லாரும் ஃபோனில் ஒரு செயலி வைத்திருப்போம். சைக்கிளில் ஓடிய பாதையை அது கோடாகப் பதிந்துகொள்ளும். எல்லாருடைய கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஹீட்மேப். ஆள் அதிகம் போன வழி நன்றாகச் சிவந்திருக்கும். ஒருவர் இருவர் மட்டும் அறிந்த வழி மெல்லிய இழையாகத் தெரியும். அந்த இழைகளைத் தேடுவதுதான் என் வேலை.

சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒன்று அகப்பட்டது. லிஃப்ட் உச்சியில் தொடங்கி, முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குகிறது. அது அரசு காடு, சைக்கிள் விடத் தடையில்லை. கோடு வளைந்து வளைந்து போனது; அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகள் என்றேன். ஓரிடத்தில் நேரே செங்குத்தாக விழுந்தது; பாறைச் சரிவு என்றேன். ஒரு ஓடையில் முடிந்தது. பக்கத்தில் தீயணைப்பு வண்டிகள் போகும் மண் றோட்டு. அங்கே ஏறிவிடுவார்கள் போல என்றேன். கோட்டைப் பார்த்துக் கதை சொல்வதில் நான் ஜோசியக்காரனுக்குக் குறைந்தவனில்லை.

"நீ ஓடிப் பாத்தனியே?" என்று கிரி அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை, ஓடிப் பாத்தனான்."

பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

3. கடைசி ஞாயிறு

சீசனின் கடைசி ஞாயிறு என்னோடு இரண்டு பேர் வந்தார்கள். கடைக்குப் பக்கத்தில் ஹோம்புஷ்ஷில் இருக்கும் வித்யா, கோயம்புத்தூர்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ்; என்னைவிட இரண்டு மடங்கு நன்றாக ஓடுவாள். அவள் கணவன் கார்த்திக்குக் கம்ப்யூட்டர் வேலை. "எனக்கு மெத்தை போட்ட ட்ரெயில் இருந்தா போதும்ணா. இவதான் கல்லு முள்ளு கேக்கறா," என்று லிஃப்டில் ஏறும்போதே சொன்னான்.

ஒரு மணிக்கு முகட்டைத் தாண்டினோம். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். வழுவழுப்பான கருங்கல் பாளங்கள், பனிமரங்களின் முறுக்கேறிய வேர்கள். "செம்ம அண்ணா," என்று வித்யா முன்னால் பாய்ந்தாள். பட்டறைக்கு இனிப் போகத் தேவையில்லை என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

அதன்பிறகு புதர் ஹேண்டில் உயரத்துக்கு வந்தது.

"அண்ணா, ட்ரெயில் எங்க?"

"இஞ்சதான் இருக்கவேணும்."

"இருக்கவேணும்னா?"

"இயற்கை ட்ரெயில் அப்பிடித்தான் தங்கச்சி. கொஞ்சம் வெக்கப்படும்."

பயம் வந்தால் என் வாய் கடை திறந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் நான் விட்ட பகிடிகளுக்கு அளவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். ஓடைப் பள்ளத்தின் விளிம்பில், வொம்பட் என்கிற காட்டு விலங்கு தோண்டிய பொந்துக்குள் கார்த்திக்கின் முன்சக்கரம் இறங்கியது. அவன் ஹேண்டிலுக்கு மேலால் போனான். கணுக்கால் எங்கள் கண் முன்னேயே தேங்காய் அளவுக்கு வீங்கியது.

மணி இரண்டே முக்கால். லிஃப்ட் நாலரைக்கு நிற்கும். ஃபோனில் சிக்னல் இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சாட்டலைட் கருவி அடிவாரத்தில் நின்ற வான் வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முகட்டிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது.

வித்யா கணுக்காலுக்குக் கட்டுப் போட்டாள். தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்கியவள் கையில் ஒரு நீலப் போத்திலோடு வந்தாள். வெயிலில் வெளிறியிருந்தாலும் கடையின் பெயர் வாசிக்க முடிந்தது.

"அண்ணா, இது உங்க கடை பாட்டில்தானே?"

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியில் என் பல் தடம் இருந்தது. மூடியைக் கடித்துத் திறப்பது என் கெட்ட பழக்கம்.

"ஃபோனைக் குடுங்க," என்றாள் வித்யா. வாங்கி வரைபடத்தைத் திறந்தாள். "ஹீட்மேப்ல 'எல்லோரும்'னு ஒண்ணு இருக்கு, 'நான் மட்டும்'னு ஒண்ணு இருக்கு. நீங்க 'நான் மட்டும்'ல வச்சிருக்கீங்க."

மெல்பேர்னில் இருக்கிற மச்சானுக்கு, நான் எவ்வளவு ஓடுகிறேன் என்று பெருமை காட்ட மாசிமாதம் மாற்றி வைத்தது. திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். அந்த மலையின் எல்லா ட்ரெயிலிலும் நான் ஐம்பது தடவை ஓடியவன். வரைபடம் முழுக்கச் சிவந்திருந்ததால் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு மெல்லிய இழை, ஒரே ஒரு தடவை போனது, அதுவும் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், முதல் கோடையில், மூடுபனிக்குள் முகட்டின் தவறான பக்கம் இறங்கி நான்கு மணி நேரம் தொலைந்தேன். வெட்கத்தில் கிரி அண்ணையிடம், பிந்தியதற்கு இரண்டு ரியூபும் பஞ்சர் என்றேன். போத்தில் களவு போய்விட்டது என்றேன். பலமுறை சொல்லிச் சொல்லி எனக்கே பஞ்சர்தான் ஞாபகம். கொண்டை ஊசி வளைவுகள் நான் பனிக்குள் சுற்றிய வட்டங்கள். பாறைச் சரிவு, நான் பின்பக்கத்தால் வழுக்கிய இடம். கோடு ஓடையில் முடிந்தது ஃபோன் செத்ததால்.

"சரி, அன்னைக்கு எப்படி வெளிய வந்தீங்க?" என்று வித்யா கேட்டாள்.

"அழுதுகொண்டு வந்தனான்."

"எந்தப் பக்கமா?"

"அழுததுதான் ஞாபகம் இருக்கு, தங்கச்சி. பக்கம் ஞாபகமில்லை."

கார்த்திக் முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி நகைச்சுவையும் இல்லை.

மண் றோட்டு ஓடைக்கு அந்தப் பக்கம், ஏற முடியாத செங்குத்துப் பாறைக்கு மேலே இருந்தது. சைக்கிள்களை அங்கேயே போட்டுவிட்டு, அவனை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்த வழியே ஏறினோம். வழி பார்த்தது வித்யா. எங்கள் சக்கரம் மிதித்த புல்லைப் பனிக்குள் குனிந்து குனிந்து தேடிக்கொண்டு போனாள். நான் ஒரு பகிடியும் விடவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் என் நீண்ட மௌனம். நாலு இருபதுக்கு லிஃப்ட் கேட்டைத் தொட்டோம். லிஃப்டில் இறங்கும்போது அவள் ஒன்று மட்டும் சொன்னாள். "தொலைஞ்சு போனேன்னு ஒரு வார்த்தை எழுதி வச்சிருந்தா, நாங்க வந்திருக்கவே மாட்டோம்."

எலும்பு முறியவில்லை. அடுத்த நாள் லிஃப்ட் இல்லை. சைக்கிள்களை எடுக்க அடிவாரத்திலிருந்து நடந்தேன். மூன்று சைக்கிள், மூன்று நடை, இரண்டு நாள்.

4. மெல்பேர்ன் அழைப்பு

கிரி அண்ணையிடம் "ட்ரெயில் சரிவரேல்லை, பெடியன் விழுந்துட்டான்" என்று மட்டும் சொன்னேன். மலைப் பயணம் மூடப்பட்டது. நான் பட்டறைக்குத் திரும்பினேன்.

ஒக்டோபரில் கிரி அண்ணை ஃபோனோடு பட்டறைக்குள் வந்தார். முகம் கல்யாண வீடு மாதிரி.

"மெல்பேர்ன்ல இருந்து ஒரு குழு. பன்ரண்டு பேர். அந்த முகட்டுக்குப் பின்னால இயற்கை ட்ரெயில் ஒண்டு இருக்காம், ஹீட்மேப்ல கண்டவையாம். வழிகாட்டி வேணுமாம். நீ அது சரிவரேல்லை எண்டு சொன்னனி. ஆக்கள் தேடி வருகினம்."

எனக்கு விளங்கிவிட்டது. வித்யாவும் கார்த்திக்கும் வந்த பாதையை அவர்களுடைய கைக்கடிகாரங்கள் தாமாகவே பதிவேற்றியிருக்கும். என்னோடு சேர்த்து மூன்று பேர். எல்லோருடைய வரைபடத்திலும் தெரிகிற அளவுக்கு அந்தக் கோடு சிவந்துவிட்டது.

"நீ ஓம் எண்டால் நவம்பர்ல, கோடையோட தொடங்குவம்," என்றார். "மலை திரும்பவும் உனக்குத்தான்."

ஓம் என்று சொல்ல எவ்வளவு சுலபம். முன்பும் சொல்லியிருக்கிறேன். கையிலிருந்த ரியூபில் காற்று இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அது ட்ரெயில் இல்லை அண்ணை. நான் துலைஞ்ச வழி."

கிரி அண்ணை கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப பஞ்சர்?"

"பஞ்சர் இல்லை."

"ரெண்டு ரியூபும் நான் ஓசியாத் தந்தனான்."

"ஓம்."

"போத்தில்?"

"களவு போகேல்லை."

அவர் ஃபோனை எடுத்து, மெல்பேர்ன்காரரிடம் அங்கே ட்ரெயில் இல்லை, போகவேண்டாம் என்று சொன்னார். மறுமுனை நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ரகசியத்தைப் பொத்திவைக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு எழுந்து, "முன் பிரேக் வேலை மூண்டு கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். மலையைப் பற்றி நாங்கள் அதற்குப்பின் பேசவில்லை.

என் கோட்டை அன்றே அழித்தேன். கேட்டதும் வித்யாவும் கார்த்திக்கும் அழித்தார்கள். ஆனால் மெல்பேர்ன்காரர் கோட்டை முன்பே தங்கள் ஃபோனில் இறக்கிவைத்திருந்தார்கள்; வழிகாட்டி இல்லாமலே போய்விட்டார்கள்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஓடிப் பார்க்காத வழியில் ஆளைக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை; அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. நான் சொல்வது இதுதான். தொலைந்தால், தொலைந்தேன் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். கோடு வெட்கப்படாது. அது உங்களைப் போலவே இன்னொருவனைக் கூட்டிப்போகும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைத் திறக்கிறேன், இப்போது 'எல்லோரும்' என்பதில் வைத்து. கோடு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தடிக்கிறது. முகட்டைத் தாண்டுகிறது, நான் சுற்றிய வட்டங்களை அப்படியே சுற்றுகிறது, நான் வழுக்கிய இடத்தில் நேரே விழுகிறது, ஓடையில் போய் நிற்கிறது.