கண் மட்டும் சிவந்த ஈக்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும், ஜனக்புரியில் எங்கள் எதிர்வீட்டு அம்மாள் என்மேல் ஒரு வழக்கோடு வந்துவிடுவார். மாம்பழக் கூடையைச் சுற்றிப் பொடி ஈக்கள் மொய்க்கத் தொடங்கிய அன்றைக்கே கதவு தட்டப்படும். “பெஹன்ஜி, ஆப்கி மக்கியாங் ஃபிர் ஆ கயீ.” உங்கள் ஈக்கள் மறுபடி வந்துவிட்டன என்கிறார். பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் இடத்தில் எனக்கு வேலை என்று குடிவந்த புதிதில் வாய்தவறிச் சொன்னதற்கு இது தண்டனை. மேற்கு தில்லியில் பறக்கிற அத்தனை பழ ஈயும் என் கைப்பையிலிருந்து தப்பியது என்பது அவருடைய தீர்ப்பு. எங்கள் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் வெள்ளை, உங்கள் கூடையில் இருப்பவற்றுக்குச் சிவப்பு, நீங்களே பாருங்கள் என்று எனக்கு வந்த இந்தியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், அப்படியானால் கண்ணாஸ்பத்திரியிலா வேலை என்று கேட்டார்.

ஊர்க்காரர்கள் இவரைவிட மேல் என்று சொல்லமாட்டேன். பாளையங்கோட்டையில் என் சொந்தங்களுக்கு நான் தில்லியில் பெரிய விஞ்ஞானி. ஈயைப் பற்றிச் சொன்னதும் முகம் விழுந்துவிடும். கடையில் வியாபாரம் இல்லையென்றால் ஈ ஓட்டுகிறான் என்போம். இந்தியிலும் சும்மா இருப்பவனை ஈ அடிக்கிறான் என்றுதான் சொல்கிறார்கள். எதிலும் ஒத்துப்போகாத வடக்கும் தெற்கும் என்னைக் கேலி செய்வதில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றன. நான் விஞ்ஞானியும் இல்லை. தொழில்நுட்ப உதவியாளர். வருடத்துக்கு ஒருமுறை பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் வேலை உண்டு. ஈக்களுக்குச் சோளமாவும் வெல்லமும் போட்டுக் கூழ் காய்ச்சுவதிலிருந்து பிளாஸ்மிட் தயாரித்து அனுப்புவதுவரை என் பொறுப்பு.

பிளாஸ்மிட் என்றால் வளையமாக இருக்கும் ஒரு டிஎன்ஏ துண்டு. டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயின் உடம்பில் எந்த ஜீனை வேலை செய்ய வைக்க வேண்டுமோ அதை இந்த வளையத்துக்குள் சேர்த்து, வெள்ளைக்கண் ஈயின் முட்டைக்குள் ஊசியால் செலுத்துவோம். வளையத்தில் கண்ணைச் சிவப்பாக்கும் அடையாளம் ஒன்றும் கூடவே இருக்கும். பிறக்கிற குஞ்சுகளின் வாரிசுகளில் எதற்குக் கண் சிவந்திருக்கிறதோ, அதற்குள் கேரியர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சேர்ந்தது கேரியர்தான். உள்ளே சோறு இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் சொல்லாது. அதற்கு முன்கூட்டியே வளையத்தை என்சைம் போட்டு வெட்டி, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜீன் இருந்தால் இரண்டு கோடு தெரியும், காலியாக இருந்தால் ஒரே கோடு. அரை நாள் வேலை. எங்கிருந்து பிளாஸ்மிட் வந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த காரியம்.

இதை அனுப்புகிற முறைதான் பார்க்க வேடிக்கை. வடிதாளில் பென்சிலால் காலணா அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு சொட்டு விட்டு, காயவைத்துக் கடித உறையில் போட்டு அனுப்பிவிடுவோம். வாங்குகிறவர் அந்த வட்டத்தை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் பிளாஸ்மிட் திரும்பக் கிடைத்துவிடும். பேனா மை கரையும் என்பதால் பென்சில். ஆராய்ச்சி முடிவை வெளியிட்டவர்கள், கேட்பவர்களுக்கு இப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் தர்மம். தர்மம் என்று ஒன்று இருந்தால் அதைத் தட்டிக்கழிக்க வழிகளும் இருக்குமே. குழாய் உடைந்துவிட்டது, மாணவர் ஊருக்குப் போயிருக்கிறார், ஃப்ரீசர் கெட்டுவிட்டது. உலகத்தில் வேறெந்தப் பொருளுக்கும் நேராத விபத்தெல்லாம் அடுத்தவர் கேட்ட பிளாஸ்மிட்டுக்கு நேரும்.

எங்கள் பேராசிரியர் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த தமிழர். தாய் தகப்பன் தஞ்சாவூர்ப் பக்கம். தமிழ் பேசுவார், எழுதப் படிக்க வராது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. ஆனால் பொங்கல் விழா என்றால் வேட்டியைச் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் இருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் பேச்சைக் கேட்டதும், “அச்சா, நம்ம ஊரா!” என்று பூரித்துப்போனார். எந்த ஊர் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இந்த ‘நம்ம ஊர்’ விஷயத்தில் எனக்கு எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. கல்யாணமாகி முதன்முதலில் தில்லிக்கு ரயிலேறியபோது ஒன்று நடந்தது. நாக்பூரில் வண்டி நின்றதும் எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி, என் பேச்சுவாடையை வைத்தே, கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கிப்போய்விட்டாள். திரும்பி வந்தவளிடம், முன்பின் தெரியாதவளை நம்பி இப்படி விட்டுப் போகலாமா என்று கடிந்துகொண்டேன். “நீங்க திருநவேலின்னு தெரியுதுல்லா” என்றாள். திருநெல்வேலியில் திருடர்களே கிடையாது போலிருக்கிறது என்று வழியெல்லாம் கணவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

போன வருடம் மார்ச்சில் மாரிச்செல்வி என்ற கல்லூரி ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தென்காசிப் பக்கம் சின்னக் கல்லூரி. ஈக்கள் வெக்கையைத் தாங்க உதவும் ஒரு ஜீனைப் பற்றி நாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அந்த ஜீன் உள்ள பிளாஸ்மிட்டைக் கேட்டிருந்தாள். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். ஒருமுறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இன்னும் ஒரு வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. முகவரி சரிபார்க்கப் போன் செய்தேன். ‘மேடம்’ என்று தொடங்கியவள், நான் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே ‘அக்கா’வுக்கு வந்துவிட்டாள்.

“ஏக்கா, நீங்க பாளையங்கோட்டையா? அங்கன போயி நம்ம ஆளு ஒருத்தரு இருக்கீங்களேக்கா! இனிமே எனக்கு என்ன கவல!”

பேராசிரியரிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். படித்துவிட்டு நாற்காலியைச் சுழற்றினார். அவருடைய மாணவர் ஒருவரும் ஏறக்குறைய அதே கேள்வியில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

“குடுக்கலேன்னா ஜர்னலுக்குக் கம்ப்ளெயின்ட் எழுதுவா. ஒண்ணு பண்ணுங்க மேடம், காலி வெக்டர் இருக்கே, அதை ஜல்தி அனுப்பிடுங்க.”

“சார், அது வெறும் கேரியர், அதுல ஜீன் இல்லையே.”

“அதான் சொல்றேன். கண்ணு சிவக்கும், சந்தோஷப்படுவா. பின்னால கேட்டா டியூப் மாறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள நம்ம பேப்பர் வந்துடும். நீங்க நம்ம ஆளு, வேற யார்கிட்ட இதைச் சொல்ல முடியும்?”

மறுத்துப் பேசினேன், சண்டை போட்டேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். அன்று மார்ச் மாதம். என்னுடைய நீட்டிப்புக் காகிதம் அவர் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. போய்ப் பென்சிலை எடுத்து வட்டம் போட்டேன். காலி வெக்டரை ஒரு சொட்டு விட்டேன். பக்கத்தில் அந்த ஜீனின் பெயரை அழகாக எழுதினேன். எங்கள் ஊர் அல்வாவுக்குப் பேர் போனது; அங்கே பிறந்த நான் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கே அல்வா கொடுத்தேன். அவள் எப்படியும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பாள், ஒரே கோடு தெரியும், இரண்டே நாளில் திட்டிப் போன் செய்வாள், நானும் டியூப் மாறிவிட்டது என்று சொல்லிச் சரியானதை அனுப்பிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைகளுக்கு இப்படிக் கணக்குப் போடத் தெரியும்.

இரண்டு நாள் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. வாட்ஸப்பில் படங்கள் வந்தன. முட்டைக்கு ஊசி போடும் வசதி கல்லூரியில் இல்லாததால், இருக்கிற விடுப்பையெல்லாம் போட்டுப் பெங்களூருக்கு மூன்றுமுறை ரயிலேறிப் போனாள். ஆகஸ்ட்டில் ஓர் ஈயின் படம் வந்தது. செக்கச்செவேலென்று கண். கீழே, “அக்கா, நம்ம புள்ள பொறந்துட்டு!” என்று எழுதியிருந்தாள். நானும் ஒரு பூங்கொத்துப் பொம்மையை அனுப்பினேன். அந்தப் பொம்மையை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நவம்பரில் அவளே போன் செய்தாள்.

“ஏக்கா, என் கைதான் சரியில்ல போலுக்கு. நாலு தடவ ஜோடி சேத்துக் கிராஸ் போட்டுப் பாத்துட்டேன். கண்ணு நல்லா இருக்கு, ஜீன் மட்டும் வேல செய்ய மாட்டேங்கு. வெக்கையில வச்சா சாதா ஈ மாதிரியே பொத்துப் பொத்துன்னு விழுந்துருது. கைடு என்னைய ஏசுதாரு.”

“மொதல்ல ஜெல்லுல ஓட்டிப் பாத்தியா செல்வி?”

“இல்லக்கா.”

“ஏன்?”

“நம்ம ஊர்க்காரங்க அனுப்புனத எதுக்குச் சோதிக்கணும்? சோதிச்சா உங்களச் சந்தேகப்பட்ட மாதிரில்லா ஆயிரும்.”

எட்டு மாதமாக நான் போட்டுவைத்திருந்த கணக்கு அங்கேயே செத்தது. டியூப் மாறிவிட்டது என்று சொல்வதற்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

“அதுல ஜீன் கிடையாது செல்வி. காலியத்தான் அனுப்புனேன். தெரிஞ்சுதான் அனுப்புனேன்.”

அந்தப் பக்கம் கல்லூரி மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் ஓடும் சத்தம் கேட்டது.

“தெரிஞ்சா?”

“சார் சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து உருட்டினேன். “எனக்குக் கிளாஸ் இருக்கு மேடம்” என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் ஃப்ரீசரைத் திறந்து சரியான குழாயை எடுத்தேன். இம்முறை நானே வெட்டி, ஓட்டி, இரண்டு கோடும் தெரிவதைப் பார்த்த பிறகுதான் தாளில் விட்டேன். நடந்ததை ஒளிக்காமல் அவளுடைய கைடுக்கு ஒரு கடிதம் எழுதி, இது அவள் கைத்தவறு அல்ல, அவகாசம் கேட்கும்போது இதைக் காட்டலாம் என்று கையெழுத்தும் போட்டு உள்ளே வைத்தேன். அந்தக் கடிதம் என்றைக்காவது தில்லிக்குத் திரும்பி வந்தால் என் வேலை போய்விடும். போகட்டும் என்று வீரமாகச் சொல்லமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. உறை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை.

ஜனவரியில் மந்திர் மார்க் பக்கம் ஓர் அரங்கில் பொங்கல் விழா. பிள்ளைகள் இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு தமிழில் வணக்கம் சொன்னார்கள். வேட்டியில் எங்கள் பேராசிரியர்தான் சிறப்பு விருந்தினர். தலைநகரில் தமிழன் தமிழனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து அரைமணி நேரம் முழங்கினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மடியில் போன் அதிர்ந்தது. மாரிச்செல்வி. ஒரு ஜெல் படம். கறுப்புத் திரையில் பளிச்சென்று இரண்டு கோடு. கீழே ஒரு வரி: “சோதிச்சுப் பாத்துட்டேன் மேடம். சரியா இருக்கு.”

அதே நேரத்தில் மேடையிலிருந்து என் பெயர் கேட்டது. “எங்க லேப் மேடம், வாங்கோ வாங்கோ” என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, என்னை மேடையில் ஏற்றி, தோளில் ஒரு சால்வையும் போட்டார். “இவங்க நம்ம ஆளு. கண்ணை மூடிண்டு நம்பலாம்” என்றார். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. கையோடு கொண்டுபோன போனை அணைக்க மறந்துவிட்டேன். கும்பிட்ட கைகளுக்கு நடுவே அந்த இரண்டு கோடும் தெரிந்துகொண்டிருந்தன.