இடாப்பில் ஏழாவது பெயர்

யூட் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை; பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துத் தீர்த்தார்கள். ‘இடாப்பு’ என்ற எங்கள் ரொக் அல்பத்தைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு அவர் பாட்டுக்காரர். அதில் பேஸ் கிற்றார் வாசித்த எனக்கு, ஒரு பெயருக்குப் பயந்தே வாழ்ந்து முடித்த மனிதர்.

ஸ்காபரோவில் அவருடைய வாடகை பேஸ்மென்ற்றில்தான் பதிவு செய்தோம். ஹீற்றர் இரைச்சல் மைக்கில் விழுகிறதென்று, கொட்டும் பனியில் அதை நிறுத்திவிட்டு வாசித்தோம். விரல் விறைத்து நான் முணுமுணுத்தால், “குளிருதெண்டு கிற்றாருக்குச் சொல்லு, எனக்குச் சொல்லாதை” என்பார். கோபம் வரும். ஆனால் அவரை விட்டுப்போக மனம் வராது.

தலைப்புப் பாடலில், வகுப்பில் வாத்தியார் இடாப்புக் கூப்பிடுவதுபோல, போரில் இறந்த தன் பள்ளித் தோழர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக டிரம்மில் ஓர் அடி விழும். தாளத்துக்கு ஏழு பெயர் வேண்டும். இறந்தவர்கள் ஆறு பேர். ஏழாவதாக வசந்தனைப் போட்டார். வசந்தனும் கூடப் படித்தவன்தான்; ஆனால் போரில் காணாமல் போனவன். அவன் செத்ததை ஒருவரும் கண்டதில்லை.

“உது சரியில்லை அண்ணை” என்றேன்.

“பாட்டுத்தானே. ஆர் கேக்கப்போகினம்?”

ஊரே கேட்டது. கசெற் விற்று முடிந்தது, சீடியும் விற்று முடிந்தது, கலியாண வீட்டில்கூட அதற்கு ஆடினார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வசந்தனின் தாய் கையில் கசெற்றுடன் படியிறங்கி வந்தார். அழவில்லை.

“தம்பி, என்ர பிள்ளை செத்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?”



அதன்பின் மேடையில் அந்த இடம் வந்தால் யூட் அண்ணை வாயை மூடிக்கொண்டு நிற்பார். நீங்கள் விடவில்லை. மண்டபம் முழுக்கச் சேர்ந்து ‘வசந்தன்!’ என்று கத்தினீர்கள், டிரம்மில் அடி விழுந்தது. “செத்துப்போ, செத்துப்போ எண்டு கத்துறமாதிரிக் கிடக்கடா” என்று மேடைக்குப் பின்னால் வந்து சொன்னார். கொஞ்ச நாளில் பாடுவதையே விட்டார்.

இப்போது அல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்கள். மூலநாடா என்னிடம் இருக்கிறது. “அந்தப் பேரை எடுத்திட்டுத்தான் விடோணும், சத்தியம் பண்ணு” என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தார். பண்ணினேன்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்கு அந்தத் தாயும் வந்திருந்தார். சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். பெட்டிக்குள் கிடந்தவரைக் கனநேரம் பார்த்தார்.

“ஓம், எடுங்கோ. அவன் இருக்கிறான். அந்த இடத்தில இந்தப் பிள்ளையின்ர பேரைப் போடுங்கோ.”

பாட்டில் வசந்தனின் பெயரை எடுத்த இடத்தில், அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பெயர் சொல்லும் நேரம் மட்டுந்தான். மற்ற ஆறு பெயரும் அவருடைய குரலில் இருக்கின்றன. அவருடைய பெயரை நான்தான் கூப்பிடவேண்டும். இன்னும் வாய் வரவில்லை.